கன்னம் தேய்ந்த பேரரசர்கள்

ஆட்டத்தின் விதி எளிது. ஒருவர் ஒரு ரோமானியக் காசை மேசையில் வைப்பார். அது பளபளக்கும் தங்கக் காசாக இருந்தால் ஆட்டமே இல்லை. எழுத்து பாதி போயிருக்க வேண்டும், முகம் மழுங்கியிருக்க வேண்டும், மேலெல்லாம் களிம்பு ஏறியிருக்க வேண்டும். விட்டம் இத்தனை மில்லிமீட்டர், எடை இத்தனை கிராம் என்பதற்கு மேல் அவர் வாய் திறக்க மாட்டார். யாருடைய காசு, எந்தக் காலம், எந்த ஊர் அக்கசாலையில் அடித்தது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். வெறும் பெயரைச் சொல்லிவிட்டு நகர முடியாது. "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று உடனே கேட்பார்கள். அதற்குச் சொல்லும் பதிலுக்குத்தான் மதிப்பு.

சட்டைப் பொத்தான் அளவுள்ள கறுத்த வட்டம் ஒன்றைச் சில நொடி திருப்பிப் பார்த்துவிட்டு, "கி.பி. 330-க்கும் 335-க்கும் நடுவில்" என்று ஒருவர் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லையே! ஆனால் சொன்னவர் அந்தக் காசில் தெரியாத எதையும் பார்த்துவிடவில்லை. அங்கே என்னென்ன இருந்திருக்க முடியும் என்ற பட்டியல் அவர் மனத்தில் இருக்கிறது. ரோமானிய அரசு, குறிப்பாக 4-ஆம் நூற்றாண்டில், சிறு காசுகளுக்கு மிகச் சில படங்களையே வைத்துக்கொண்டிருந்தது. இன்றைய ஜெர்மனியின் டிரியரிலிருந்து எகிப்தின் அலெக்சாண்டிரியா வரை, பல அக்கசாலைகளில் ஒரே நேரத்தில் ஒரே படம். சில ஆண்டுகள் கழித்து அதை நிறுத்திவிட்டு வேறொன்று. அதனால் படம் தெரிந்தால் காலம் தெரிந்துவிடும்.

இந்தக் காசுகளுக்கென்று 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பெரும் தொகுதி வரிசை உண்டு. முதல் தொகுதி 1923-இல் வந்தது, பத்தாவது 1994-இல். அதை அடியொற்றி அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் இணையத் தரவுத்தளத்தில் 40,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எண்ணிக்கை மிரட்டும். ஆனால் ஓர் அளவுகோலும் சிறு தராசும் கையில் இருந்தால், முதல் நிமிடத்திலேயே பட்டியலின் பெரும்பகுதி கழன்றுவிடும்.

30 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம், 20 கிராமுக்கு மேல் எடை என்றால் அது முதல் மூன்று நூற்றாண்டுகளின் பெரிய பித்தளைக் காசான செஸ்டெர்ஷியஸாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புதிதில் அது சுமார் 25 கிராம். 25 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் டுபோண்டியஸ் அல்லது ஆஸ். முன்னது பித்தளை, பின்னது செம்பு. நீரோ காலத்துக்குப் பிறகு டுபோண்டியஸில் பெரும்பாலும் கதிர்முடி சூடிய தலை, ஆஸில் இலைமாலை சூடிய தலை. 20 மில்லிமீட்டர் அளவில், கதிர்முடியோடு, வெள்ளிபோலத் தொடங்கிச் செம்பாய் இளித்து நிற்கும் காசு என்றால் 3-ஆம் நூற்றாண்டு. 215-இல் கராக்கல்லா அறிமுகப்படுத்தியபோது அதில் பாதியளவு வெள்ளி இருந்தது. 270-ஐ நெருங்கும்போது வெள்ளி என்பது பேருக்குத்தான். 18 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலும் 4-ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் பின். இதில் விட்டத்தை எடையைவிட அதிகமாக நம்பலாம். நூறாண்டு கைமாறிய காசு எடையில் சில கிராம்கூட இழக்கும், விட்டம் அவ்வளவு குறையாது.

அடுத்து முகம். புழக்கத்தில் முதலில் தேய்வது கன்னமும் காதுக்கு மேலே உள்ள முடியும்தான், அவையே மேடு. இன்றைய காசுகளில் உயர்ந்த விளிம்பு ஒன்று படத்தைக் காப்பாற்றும். ரோமானியக் காசில் அந்த ஏற்பாடு கிடையாது. ஆனாலும் பக்கவாட்டு முகம் என்பதால், உள்ளே எல்லாம் மழுங்கிய பிறகும் வெளிக்கோடு நிற்கும். அந்தக் கோடு நிறையச் சொல்லும். காளைக் கழுத்து என்றால் நீரோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன். கழுத்து ஒடுங்கி, நெற்றியில் முடி நேராக வெட்டி விடப்பட்டிருந்தால் டிராஜன். 117-இல் ஹாட்ரியன் தாடியோடு வந்த பிறகு, கான்ஸ்டான்டின் மழித்த முகத்தோடு வரும் வரை, இடையில் வந்தவர்களில் பெரும்பாலோர் தாடிக்காரர்கள். முகவாய்க்குக் கீழே ஒரு புடைப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே காலத்தைக் கணிசமாகச் சுருக்கிவிடும். 4-ஆம் நூற்றாண்டில் தாடி தெரிந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் ஜூலியன். அவருடைய பெரிய செப்புக் காசின் பின்பக்கத்தில் ஒரு காளையும் மேலே இரண்டு நட்சத்திரங்களும் இருக்கும். எவ்வளவு தேய்ந்தாலும் அந்தக் காளையை வேறொன்றாக மயங்க முடியாது. அரசிகளின் காசில் முகத்தைவிடக் கொண்டையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பின்னந்தலையில் உருண்டையாக முடிந்த கொண்டை இளைய ஃபாஸ்டினா, தலைக்கவசம்போல் அலையலையாய் இறங்கும் முடி ஜூலியா டோம்னா.

என்னைக் கேட்டால், உண்மையான சுவை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. 330-களின் சிறு காசில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள். எடை சுமார் இரண்டரை கிராம். 335-ஐ ஒட்டி அரசு காசின் எடையைக் குறைத்தது, கிட்டத்தட்ட ஒன்றரை கிராமுக்கு. வட்டம் சுருங்கியது, வீரர்கள் இருவரும் இருந்தார்கள், கொடிக்கம்பம் ஒன்றாகிவிட்டது. ஆக, இரண்டு நிழல்களுக்கு நடுவே எத்தனை கோடுகள் என்று எண்ணத் தெரிந்தால் போதும், ஐந்தாறு ஆண்டுக்குள் காலத்தைச் சொல்லிவிடலாம். முதலில் சொன்ன அந்த ஆள் செய்தது இதைத்தான்.

அதே ஆண்டுகளில் இன்னொரு இரட்டையும் வந்தது. ரோம் நகரையும் கான்ஸ்டான்டிநோபிள் நகரையும் பெண்ணுருவாக்கி, தலைக்கவசத்தோடு இடப்புறம் பார்க்கவைத்த காசுகள். அக்காலப் பேரரசர்கள் பெரும்பாலும் வலப்புறம் பார்ப்பவர்கள் என்பதால், சிறு காசில் கவசத்தலை இடப்புறம் திரும்பியிருந்தாலே இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். பின்பக்கத்தில் வளைந்த முதுகும் அதற்கடியில் இரண்டு சிறு மேடுகளும் இருந்தால் அது ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும், எனவே ரோம். கப்பலின் முனையில் நிற்கும் சிறகு முளைத்த உருவம் என்றால் கான்ஸ்டான்டிநோபிள்.

348-இல் புதிய படவரிசை ஒன்று தொடங்கியது. அதில் மிகுதியாகப் புழங்கியது, குதிரையோடு சரிந்த எதிரியை ரோமானிய வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி. முழுப்படமும் குறுக்குவாட்டில் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு மட்டும் மிஞ்சினால்கூட அடையாளம் காணலாம். வேறெந்தச் சிறு காசிலும் அப்படி ஒரு சாய்வு கிடையாது. பெயர் தெரியாதபோது இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

364-இலிருந்து 378 வரை இரண்டு படங்கள் ஆட்சி செய்தன. மாலையோடு இடப்புறம் நடக்கும் வெற்றித் தேவதை ஒன்று, கைதியின் முடியைப் பிடித்து வலப்புறம் இழுத்துச் செல்லும் பேரரசர் மற்றொன்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அடித்தவர்கள் வாலன்டினியனும் அவர் தம்பி வாலன்ஸும், பிறகு கிராஷியனும். மூவருக்கும் முகம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சுற்றெழுத்து தலையின் உச்சிக்கு மேலே ஓரிடத்தில் உடையும். வாலன்ஸின் பெயரில் தலைக்கு இடப்பக்கம் வழக்கமாக ஏழு எழுத்து, வாலன்டினியன் பெயரில் பதினொன்று. எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் எழுத்தின் தடங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றனவா, தாராளமாக இடம்விட்டிருக்கின்றனவா என்று பார்த்தாலே அண்ணனா தம்பியா என்று சொல்லலாம். இந்த ஆட்டத்தில் இதைவிட அழகான காய்நகர்த்தல் எனக்குத் தெரியாது.

பின்பக்கத்தின் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் திணறுவது வழக்கம். அதற்கும் ஒரு வழி. ரோமானிய அக்கசாலைகளில் இரண்டு அச்சுகளும் பெரும்பாலும் ஒரே திசையில் அல்லது நேர் எதிர்த்திசையில் பொருத்தப்பட்டன. தலையை நேராகப் பிடித்துக்கொண்டு காசைத் திருப்பினால், பின்பக்கப் படம் நேராகவோ தலைகீழாகவோ இருக்கும், ஓரமாகச் சாய்ந்திருப்பது குறைவு. படத்தின் அடிக்கோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று எழுத்து மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். அக்கசாலையின் பெயர் அங்கேதான் இருக்கும். லண்டன் என்று வாசிக்க முடிந்தால் 325-க்குப் பின் போக முடியாது, அந்த அக்கசாலை அந்த ஆண்டை ஒட்டி மூடப்பட்டது.

பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் மேலிருந்து கொட்டும் வெளிச்சம் அல்ல. விளக்கை ஏறக்குறைய மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, சாய்வாக விழச்செய்தால் அரை முடியளவு மேடும் நிழல் போடும். இதில் ஒரு கண்கட்டும் இருக்கிறது. ஒளி மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். விளக்கு கீழ்ப்புறம் இருக்க எடுத்த படத்தைப் பார்த்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். அரிப்பினால் விழுந்த குழிகள் முத்துப் பட்டமாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பட்டம் மறைந்துவிடும். 2001-இல் ஹியூலட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் இந்தச் சாய்வொளிக் கணக்கைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கேமரா அசையாது. விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடும் முறை அது. இன்று பல அருங்காட்சியகங்கள் காசுக்கும் களிமண் பலகைக்கும் இதைப் பயன்படுத்துகின்றன. வீட்டில் இருப்பவர் மெல்லிய அலுமினியத் தாளைக் காசின் மேல் வைத்து விரலால் அழுத்தி அச்செடுக்கலாம். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர்களின் உத்தியேதான், அளவு மட்டும் சிறிது. களிம்பின் பல நிறங்கள் கண்ணை ஏமாற்றாத ஒரே நிற அச்சு கிடைக்கும்.

பழைய உத்தி ஒன்று இன்னும் விசித்திரமானது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர், 1832-இல் வெளியான இயற்கை மாயங்கள் பற்றிய தம் நூலில், முற்றிலும் வழுவழுப்பாகிவிட்ட காசைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் இருட்டில் வைத்தால் எழுத்துகள் ஒளிர்ந்து தெரியும் என்று எழுதினார். கேட்கக் கதைபோல இருந்தாலும் அடிப்படை உண்டு. அச்சு விழும்போது உலோகம் எல்லா இடத்திலும் ஒரே அளவு நசுங்குவதில்லை. மேற்பரப்பு தேய்ந்த பிறகும் நசுங்கலின் வேறுபாடு உள்ளே கொஞ்சம் தங்கும். துப்பாக்கியில் அரத்தால் அராவி அழித்த எண்ணைத் தடயவியல் நிபுணர்கள் அமிலம் தடவி மீட்பதும் இதே காரணத்தால்தான். நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் அமிலத்தில் வெவ்வேறு வேகத்தில் கரையும். சூடேற்றி அடித்த காசில் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும். எனவே ரோமானியக் காசை அடுப்பில் வைக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் விட்டுவிடுவது நல்லது. களிம்பு போய்விடும், எழுத்தும் வராது.

எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் எல்லாம் அதே கணக்கில் சேரும். செம்பின் மேல் சிவந்த ஆக்சைடு, அதன் மேல் பச்சைக் கார்பனேட் என்று படிந்த அடுக்கில்தான் பல காசுகளின் எழுத்தே தங்கியிருக்கிறது. அடியில் இருக்கும் உலோகம் அரித்துப்போய், படம் களிம்பில் மட்டும் மிஞ்சியிருக்கும். அமிலம் அதைக் கழுவினால் ஆட்டம் முடிந்தது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மெல்ல எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அதற்கு வெண்கல நோய் என்று பெயர். உள்ளே சிக்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்னும். ஈரமில்லாத இடத்தில் வைத்தால் அது அடங்கும்.

இனி ஆட்டத்தின் பொல்லாத பகுதி. தேய்ந்த பரப்பில் மனம் தான் விரும்பியதைப் பார்க்கும். ஒரு கீறலைத் தாடியாகப் பார்த்துவிட்டால், 365-இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்துச் சுமார் எட்டு மாதம் மட்டும் ஆண்ட புரோகோப்பியஸ் என்று தோன்றும். அரிய காசு, மதிப்பும் அதிகம், மனம் துள்ளும். பழகியவர்கள் இங்கேதான் வேறுபடுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "இந்த அளவில், இந்த இடத்தில், எது அதிகம் கிடைக்கும்?" என்பதை. பிரிட்டனைப் பற்றி இதற்கு நல்ல விடை உண்டு. ரிச்சர்ட் ரீஸ் என்ற தொல்லியலாளர் ரோமானிய பிரிட்டனின் காசுகளை 21 காலப்பகுதிகளாகப் பிரித்து, இடம் இடமாக ஒப்பிட்டார். 260-களையும் 270-களையும் சேர்ந்தவை, 330 முதல் 348 வரை, 364 முதல் 378 வரை என்று சில காலங்களின் காசு திரும்பத் திரும்பக் குவிகிறது. ஆகவே தடுமாறும்போது பொதுவானதன் பக்கம் சாய்வது சோம்பல் அல்ல, கணக்கு. 'வாலன்ஸ்' என்று ஊகிப்பதைவிட '364–378' என்று சொல்லி நிறுத்துவதுதான் பல நேரம் சரியான விடை. தோண்டிய தரையின் காலத்தைக் கணிக்கும் தொல்லியலாளருக்கு அந்த அளவே பெரிய உதவி.

அரியது வரவே வராதா? வரும். 1900-இல் பிரான்சில் நான்ட் நகருக்கு அருகே கிடைத்த கதிர்முடிக் காசு ஒன்றில் டொமிஷியானஸ் என்ற பெயர் இருந்தது. 270-களில் அப்படி ஒரு பேரரசர் ஆண்டதாக யாரும் கேள்விப்படவில்லை. போலி என்று ஒதுக்கினார்கள். 2003-இல் ஆக்ஸ்போர்டுஷயரின் சால்குரோவில் கிட்டத்தட்ட 5,000 காசுகள் ஒட்டிக்கிடந்த பானை கிடைத்தது. அதைப் பிரித்துத் துலக்கும்போது இரண்டாவது டொமிஷியானஸ் வந்தது, முதலாவதை அடித்த அதே அச்சுகளில். ஒருவரின் ஆட்சி மீண்டது. ஆனால் அங்கே பெயரைப் படிக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் நிழலை வைத்து யாரும் ஒரு பேரரசரை உயிர்ப்பிக்கவில்லை.

'எது அதிகம் கிடைக்கும்' என்ற கேள்விக்கு விடை ஊருக்கு ஊர் மாறும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், மதுரைப் பக்கத்திலும் கிடைத்த ரோமானியச் செப்புக் காசுகள் பெரும்பாலும் 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் சிறு காசுகள். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் அவற்றுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். இங்கே வடிவமே முதல் தடயம். சங்ககாலச் சேர, சோழ, பாண்டியச் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரம். அதே ஆற்று மணலில் வட்டமாக, ஒன்று இரண்டு கிராமில், படம் மழுங்கி வருவதைக் கண்டால் ரோமானியக் காசு என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும். இலங்கையில் இதே காலக் காசுகள் இன்னும் பெருவாரியாகக் கிடைத்திருக்கின்றன, அவற்றைப் பார்த்து அங்கேயே செய்த நகல்களும் கூட. நகலில் எழுத்து தெளிவாக இருக்கும், ஆனால் எழுத்தே அல்லாத கோடுகளாக இருக்கும். தேய்வினால் படிக்க முடியவில்லை என்பதும், படிக்கவே எழுதப்படவில்லை என்பதும் வேறு வேறு. தங்கக் காசில் இன்னொரு எச்சரிக்கை: 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருந்தது. அது புழக்கத்தின் தேய்வல்ல, வேண்டுமென்றே போட்டது.

இந்த ஆட்டத்தை அருங்காட்சியகப் படங்களை வைத்து ஆடுவதே நல்லது என்பது என் கட்சி. துலக்காத காசுகளை நூறு, இருநூறு என்று மொத்தமாக விற்கிறார்கள். அவற்றில் பல எந்த மண்ணிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து வந்தன என்ற தகவலைத் தொலைத்துவிட்டு வந்தவை. யாருடைய காசு என்று கண்டுபிடித்தாலும் எங்கே கிடந்தது என்பது இனி கிடைக்காது. நம் ஊர் மண்ணில் கிடைத்தால் அது ஆட்டமே அல்ல. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் போதும் என்றுதான் அந்தச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள்.